விடாமல் ஜெபிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் பகலில் உபவாச ஜெபம் நடக்கும். மனதில் கிடக்கிற கேள்விகளை ஜெபத்தின்போது யாரும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து கஞ்சி ஊற்றும்போது, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். அப்படிப் பல வருடங்களாக என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், நானே இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் போதகர் அல்ல. வேதத்தை நாள்தோறும் வாசிக்கிற, ஜெபத்தில் பல தடவை சோர்ந்துபோன ஒரு சபை அங்கம். வசனங்களைப் பழைய தமிழ் வேதாகமத்தின் சொற்களிலேயே கொடுத்திருக்கிறேன்.

நமக்கு என்ன வேண்டும் என்று கடவுளுக்கு முன்பே தெரியுமே. பிறகு ஏன் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும்?

தெரியும் என்று சொன்னவரும் இயேசுதான், கேளுங்கள் என்று சொன்னவரும் அவரேதான். இரண்டும் ஒரே மலைப்பிரசங்கத்தில் இருக்கின்றன. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், நீங்கள் வேண்டிக்கொள்ளுமுன்னே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்கிறார். கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள் என்ற மூன்று சொற்களும் மூலமொழியான கிரேக்கத்தில் தொடர்ந்து செய்வதைக் குறிக்கும் வடிவத்தில் இருக்கின்றன. கேட்டுக்கொண்டே இருங்கள், தட்டிக்கொண்டே இருங்கள் என்று விரித்துப் படிக்கலாம்.

அப்படியானால் கேட்பது தகவல் சொல்வதற்காக இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பிள்ளைக்குப் பசிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? பிள்ளை பையைக் கழற்றிப் போடுமுன் "அம்மா, பசிக்குது" என்கிறது. அந்த வீட்டில் அப்படிக் கேட்க அதற்கு உரிமை இருக்கிறது. அடுத்த வீட்டில் போய் அது கேட்காது.

லூக்கா 18-இல் வருகிற அநியாயமுள்ள நியாயாதிபதி கடவுளுக்கு ஒப்பா? தொந்தரவு தாங்காமல்தான் அவர் பதில் கொடுக்கிறாரா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டணத்தில் ஒரு நியாயாதிபதி. தேவனுக்குப் பயப்படாதவன், மனுஷரை மதியாதவன். அதே பட்டணத்தில் ஒரு விதவை. தன் எதிராளியின் காரியத்தில் நியாயம் செய்யும்படி அவனிடம் வந்துகொண்டே இருக்கிறாள். அவன் வெகுநாள் வரைக்கும் மனதில்லாமல் இருக்கிறான். கடைசியில், இவள் அடிக்கடி வந்து "என்னை அலட்டாதபடி" இவளுக்கு நியாயம் செய்துவிடலாம் என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்கிறான்.

"அலட்டாதபடி" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற வினைச்சொல்லுக்கு நேர்ப்பொருள், கண்ணுக்குக் கீழே குத்துவது. குத்துச்சண்டைக்காரர்கள் செய்வது. பவுல் 1 கொரிந்தியர் 9:27-இல் தன் சரீரத்தை ஒடுக்குவதைச் சொல்ல இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். அதிகாரமுள்ள ஒரு ஆண், கையில் ஒன்றுமில்லாத ஒரு விதவையைப் பார்த்து, இவள் என் கண்ணை வீங்கவைத்துவிடுவாள் போலிருக்கிறதே என்று பயப்படுகிறான். இயேசு சொன்னபோது கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். சிரித்துவிட்டு அமைதியாகியும் இருப்பார்கள், ஏனென்றால் அந்த விதவையை அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். விதவையின் வழக்கைத் தள்ளிவைக்கிற நீதிபதியையும் தெரியும். விதவையின் நியாயத்தைப் புரட்டாதே என்று நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளும் ஓயாமல் சொன்னது, அது ஓயாமல் நடந்துகொண்டிருந்ததால்தான்.

இந்த உவமையில் நியாயாதிபதி கடவுளுக்கு உருவகம் இல்லை, நேர் எதிர். இவ்வளவு கெட்டவனே கடைசியில் நியாயம் செய்தான் என்றால், இரவும் பகலும் தம்மை நோக்கிக் கூப்பிடுகிறவர்களுக்குத் தேவன் செய்யாமலிருப்பாரோ என்பதுதான் கேள்வி. கடவுளைச் சலிக்கவைத்து வாங்கலாம் என்று இதிலிருந்து பிரசங்கிக்கிறவர்கள் உவமையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்தும் வெகுநாள் என் கண்ணில் படாத ஒன்று உண்டு. அந்த விதவை ஏன் திரும்பத் திரும்ப அதே வாசலுக்கு வருகிறாள்? அவளுக்கு மன உறுதி அதிகம் என்று கதை சொல்லவில்லை. பேசுவதற்குக் கணவன் இல்லை. கையூட்டுக் கொடுக்கக் காசு இருந்ததாகவும் தெரியவில்லை. வேறு போக்கிடம் இல்லை, அதனால் வந்தாள். விடாமல் ஜெபிப்பது என்றால் என்ன என்று என்னை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வேறு போக்கிடம் இல்லாதவர்கள் ஒரே வாசலில் நிற்பது. சீஷர்களில் பலர் பின்வாங்கிப் போனபோது பேதுருவும் "ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்" என்றுதான் கேட்டார். அதில் வீரம் ஒன்றும் இல்லை.

ஆகவே "எனக்கு ஜெப வீராங்கனைகள் மாதிரி வைராக்கியம் இல்லையே" என்று வருந்தாதீர்கள். வைராக்கியம் இருக்கிறதா என்று அந்த விதவையிடம் யாரும் கேட்கவில்லை.

நள்ளிரவில் அப்பம் கேட்ட நண்பனின் கதையும் இதேதானா?

கிட்டத்தட்ட. லூக்கா 11-இல் இருக்கிறது. விருந்தாளி வந்துவிட்டார், வீட்டில் ஒன்றுமில்லை. ஒருவன் பாதிராத்திரியில் பக்கத்து வீட்டைத் தட்டி மூன்று அப்பம் கேட்கிறான். உள்ளே இருப்பவன், கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடேகூடப் படுத்திருக்கிறார்கள் என்கிறான். ஒரே அறையுள்ள வீடு. எழுந்தால் பாயில் வரிசையாகக் கிடக்கிற பிள்ளைகளைத் தாண்டித்தான் கதவுக்கு வரவேண்டும். அப்படி ஒரு வீட்டில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை.

"வருந்திக் கேட்கிறதினிமித்தமாவது" எழுந்து கொடுப்பான் என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. மூலச்சொல்லின் பொருள் வெட்கமின்மை. நேரம்கெட்ட நேரத்தில், தெருவே விழித்துக்கொள்ளும்படி தட்டுகிற கூச்சமில்லாத உரிமை. அவன் தனக்காகக் கேட்கவில்லை என்பதையும் பாருங்கள். தன்னிடம் பசியோடு வந்த இன்னொருவனுக்காகத் தட்டுகிறான். நமக்காகக் கேட்கும்போது வருகிற கூச்சம் பிறருக்காகக் கேட்கும்போது பாதி குறைந்துவிடும்.

ஒரே வார்த்தைகளைத் தினமும் சொன்னால் அது "வீண்வார்த்தைகளை அலப்புவது" ஆகாதா?

கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறை ஜெபித்ததைப் பற்றி மத்தேயு எழுதும்போது, அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார் என்கிறார். அவரே சொன்னதைத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஆகவே திரும்பச் சொல்வது குற்றம் இல்லை. அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படும் என்று நினைப்பதைத்தான் மத்தேயு 6:7 கண்டிக்கிறது. சொற்களின் எடையால் கடவுளை அசைக்கலாம் என்ற எண்ணம்.

வித்தியாசம் பார்க்கவேண்டுமானால் கர்மேல் மலைக்குப் போங்கள். பலியின்மேல் அக்கினி இறங்கவேண்டும் என்று, பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேர் காலைமுதல் கத்தினார்கள், குதித்தார்கள், தங்களைக் கத்தியால் கீறிக்கொண்டார்கள். கர்த்தருடைய தீர்க்கதரிசி எலியாவின் ஜெபம் இரண்டே வசனம். வாசிக்க அரை நிமிடம் ஆகாது. அக்கினி இறங்கியது. அப்புறம் அதே எலியா, அதே நாளில், மழைக்காக முழங்கால்களுக்கு நடுவே முகத்தை வைத்துக் குனிந்திருக்கிறார். வேலைக்காரன் சமுத்திரமுகமாய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறான். மறுபடி போ. ஏழாம் முறை உள்ளங்கை அத்தனைச் சிறிய மேகம். ஒரே ஆள், ஒரே விசுவாசம், ஒரே நாள். அக்கினி ஒரே ஜெபத்தில் வந்தது. மழைக்கு ஏழுமுறை பார்க்கவேண்டியிருந்தது. ஏன் என்று வேதம் விளக்கவில்லை, நானும் விளக்கப்போவதில்லை.

கத்தோலிக்க உறவினர்கள் சொல்கிற ஜெபமாலையும், கிழக்குத் திருச்சபைகளில் மூச்சோடு சேர்த்துச் சொல்கிற சிறிய இயேசு ஜெபமும் பழையவை, ஆழமானவை. வாய் சொல்ல மனம் கடையில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி எங்களைப்போல் "சொந்த வார்த்தையில்" ஜெபிக்கிறவர்களுக்கும் உண்டு. நாங்களும் பாதி நேரம் பழகிப்போன சொற்றொடர்களைத்தான் அடுக்குகிறோம்.

21 நாள், 40 நாள் என்று எண்ணி உபவாசித்தால் பதில் நிச்சயமா?

இல்லை. தானியேல் மூன்று வாரம் துக்கித்தார் என்று 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 21 நாள் முடிந்தால் பதில் வரும் என்று அவர் கணக்குப்போட்டு ஆரம்பித்ததாக அங்கே எங்கும் இல்லை. முதல்நாளிலேயே அவருடைய வார்த்தைகள் கேட்கப்பட்டன என்றுதான் வந்த தூதன் சொல்கிறான். நாள் குறித்துக்கொள்வது மனதை ஒருமுகப்படுத்த நமக்கு உதவும், செய்யுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். எங்கள் ஜெபக்கூட்டத்திலேயே ஒரு அக்கா மயங்கி விழுந்திருக்கிறார்.

"உங்களுக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் பதில் வரவில்லை" என்கிறார்கள். உண்மையா?

குழந்தையில்லாத ஒரு தம்பதியிடம் ஒருவர் இப்படிச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. சேலைத் தலைப்பின் நூலை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த பல மாதங்கள் அவர்கள் ஆலயத்துக்கு வரவில்லை. அன்று வாயைத் திறக்காமல் நின்றதற்காக இன்னும் வருந்துகிறேன். அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினாலே கொன்றான். பேதுருவையும் பிடித்துச் சிறையில் வைத்தான். சபையார் பேதுருவுக்காக ஊக்கத்தோடே ஜெபித்தார்கள். தூதன் வந்து எழுப்ப, சங்கிலிகள் கைகளிலிருந்து விழுந்தன. பேதுரு நேராக மாற்கு எனப்பட்ட யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டுக்கு வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்ன பதில்: "நீ பிதற்றுகிறாய்." அவர்களுடைய விசுவாசத்தின் அளவு அவ்வளவுதான். ஆனாலும் பதில் வாசலில் நின்று, "பின்னும் தட்டிக்கொண்டிருந்தான்" என்று வேதம் சொல்கிறது. தட்டுங்கள் என்று நமக்குச் சொல்லப்பட்டது. இங்கே பதிலே வந்து தட்டிக்கொண்டு நிற்கிறது.

அதே அதிகாரத்தில்தான் யாக்கோபும் இருக்கிறார். அவருக்காகச் சபை ஜெபிக்காமல் இருந்திருக்குமா? இயேசுவோடு மறுரூப மலையில் இருந்தவர், கெத்செமனேயில் அருகில் இருந்தவர். அவர் வெட்டுண்டார், பேதுரு தப்பினார். யாக்கோபின் தாயிடம் போய் "உங்கள் விசுவாசம் போதவில்லை அம்மா" என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

அம்மாவின் ஜெபநோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். 80 பக்கக் கோடுபோட்ட நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. இடதுபக்கம் தேதி, நடுவில் பெயர், பதில் வந்தால் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக். அப்பாவின் குடி நிற்கவேண்டும் என்று எழுதிய வரியில் பெயர் இல்லை. "அவங்க – குடி" என்று மட்டும் இருக்கும். கணவர் பெயரைச் சொல்லாத தலைமுறை, கர்த்தரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வரியை ஒவ்வொரு புதிய நோட்டிலும் முதல் பக்கத்தில் திரும்ப எழுதினார், 14 வருடம். அப்பா குடியை விட்ட பிறகும் அம்மா உடனே டிக் போடவில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

அதே பக்கத்தில் இரண்டு வரி கீழே "தம்பி – கிட்னி". என் தாய்மாமா. எட்டு மாதத்தில் போய்விட்டார். அந்த வரியில் டிக்கும் இல்லை, அடித்தலும் இல்லை. ஓரத்தில் அவர் இறந்த தேதி. அதற்கு நேர்கீழே, அதே நாள் தேதி போட்டு, "அவன் பிள்ளைங்க ரெண்டு பேரு" என்று புதுவரி. அடக்க ஆராதனை முடிந்து வந்த இரவே எழுதியிருக்கிறார். ஒரே பக்கம், ஒரே கை, ஒரே விசுவாசம். ஒன்றுக்கு டிக், ஒன்றுக்குத் தேதி. விசுவாசத்தை அளந்து பதில் கொடுக்கப்படுகிறது என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பக்கத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

விசுவாசம் வேண்டாமா? வேண்டும். பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றான். அந்தப் பாதி விசுவாசத்தோடேயே மகன் குணமானான்.

கடவுள் "இல்லை" என்று சொல்லிவிட்டார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எப்போது நிறுத்தலாம்?

வேதத்திலேயே நிறுத்தினவர்கள் இருக்கிறார்கள். கானானைப் பார்க்கவேண்டும் என்று மோசே கெஞ்சினார். "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்று பதில் வந்தது. தாவீது நோயில் கிடந்த தன் பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்தார். பிள்ளை இறந்தது என்று தெரிந்ததும் எழுந்து குளித்து, தொழுதுகொண்டு, சாப்பிட்டார். பவுல் தன் மாம்சத்திலுள்ள முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வார்த்தை வந்த பிறகு அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டார். மூவரும் ஒரு விண்ணப்பத்தை நிறுத்தினார்கள், ஜெபத்தை நிறுத்தவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்தார் பலருக்கு ஏமி கார்மைக்கேல் அம்மாவைத் தெரியும். வட அயர்லாந்தில் பிறந்தவர், 1895-இல் இந்தியா வந்து, டோனாவூரில் பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். சிறுவயதில் நீலக் கண்கள் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்து, காலையில் கண்ணாடியில் பார்த்து அதே பழுப்புக் கண்களைக் கண்டு அழுதார் என்பது ஞாயிறு பள்ளிகளில் சொல்லும் கதை. பிற்காலத்தில் சேலை கட்டி நம் மக்களோடு கலந்தபோது அந்தப் பழுப்புக் கண்கள் உதவின என்று முடிப்பார்கள். அழகான கதைதான். எனக்கு அதைவிட அவருடைய கடைசி 20 வருடங்கள் முக்கியம். 1931-இல் விழுந்து காயப்பட்ட பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடு. சுற்றிலும் ஜெபிக்கிற கூட்டம் இருந்தும் அந்தச் சுகம் கிடைக்கவில்லை. அந்தப் படுக்கையிலிருந்துதான் நோயாளிகளுக்கென்றே எழுதினார். இதற்காகத்தான் கடவுள் சுகம் கொடுக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சுகமில்லாமலும் அவர் வாசலைவிட்டுப் போகவில்லை என்று மட்டும் சொல்வேன்.

நடைமுறையாகச் சொன்னால், மரணமோ வேறொருவரின் திருமணமோ போல நடந்து முடிந்துவிட்டது என்றால் அது பதில்தான். கேட்கிற காரியம் தவறு என்று உங்கள் மனச்சாட்சியே குத்தினாலும் பதில்தான். இச்சைகளுக்குச் செலவழிக்கத் தகாதவிதமாய்க் கேட்பதை யாக்கோபு 4:3 சொல்கிறது. இவை இரண்டும் இல்லையென்றால் கேட்டுக்கொண்டே இருங்கள். தாமதத்தை மறுப்பு என்று நீங்களாக எழுதிக்கொள்ளவேண்டாம்.

வழிதவறிப்போன மகனுக்காக எவ்வளவு காலம் ஜெபிப்பது?

மோனிக்கா அம்மையாரின் கதை இந்தக் கேள்விக்காகவே காப்பாற்றி வைக்கப்பட்டதுபோல் இருக்கிறது. அதை அவருடைய மகன் அகுஸ்தீன் தன் அறிக்கை நூலில் எழுதிவைத்தார். 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகஸ்தே ஊரில் பிறந்தவர். இளவயதிலேயே மானிகேயர் என்ற வேறொரு மதக்குழுவினரோடு சேர்ந்துவிட்டார். அம்மா அழுது அழுது ஜெபித்தார். ஒரு ஆயரிடம் போய் மகனோடு பேசுங்கள் என்று விடாமல் கெஞ்ச, அவர் சற்றுச் சலிப்போடேயே, இவ்வளவு கண்ணீருக்குப் பிள்ளையானவன் கெட்டுப்போக முடியாது, போங்கள் என்று அனுப்பினார்.

இன்னொரு இரவு. அகுஸ்தீன் ரோமாபுரிக்குக் கப்பலேறப் போகிறார். அம்மா போகவிடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறார். காற்று சரியாக வரும்வரை ஒரு நண்பரோடு இருக்கிறேன் என்று மகன் பொய் சொல்கிறார். துறைமுகத்தருகே, இரத்தசாட்சி சிப்பிரியானின் நினைவிடத்தில் அம்மா இரவெல்லாம் ஜெபிக்கிறார், அவன் போகக்கூடாது என்று. காலையில் கப்பல் போயிருந்தது. கரையில் நின்று கதறுகிறார்.

அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. ஆனால் அந்தக் கப்பல்தான் அவரை ரோமாபுரிக்கும், பிறகு மிலானுக்கும், அம்புரோஸ் ஆயரின் பிரசங்கத்துக்கும் கொண்டுபோனது. 386-இல் மனம் திரும்பி, 387-இல் ஞானஸ்நானம் பெற்றார். அம்மா எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே அன்று கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை என்று அகுஸ்தீன் பின்னால் புரிந்துகொண்டார். மோனிக்கா அதே வருடம் ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தார், மகன் பக்கத்தில் இருந்தான்.

எல்லாருக்கும் இப்படிக் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளைக் காத்த ஜார்ஜ் முல்லர் 1844-இல் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஒருநாளும் தவறாமல் ஜெபிக்க ஆரம்பித்தார். முதல் ஆள் 18 மாதத்தில் வந்தார். அடுத்தவருக்கு மேலும் ஐந்து வருடம், மூன்றாமவருக்கு அதன்பிறகு ஆறு வருடம். மற்ற இருவருக்காகப் பல பத்தாண்டுகள் ஜெபித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வேண்டுகோள். மகனிடம் "உனக்காகத்தான் அழுது ஜெபிக்கிறேன்" என்று தினம் சொல்லாதீர்கள். அவனுக்கு அது வசைபோல் கேட்கும். சோறு போடுங்கள், எப்போது வருவாய் என்று கேளுங்கள். ஜெபத்தை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபித்துக்கொண்டே பொறுத்துப்போ என்கிறார்கள். வேறு எதுவும் செய்யக்கூடாதா?

அந்த விதவை போனது நீதிமன்றத்துக்கு. விடாமல் ஜெபிப்பதற்கு இயேசு காட்டிய மாதிரியே, வழக்குப் போட்டு விடாமல் அலைகிற ஒரு பெண். நெகேமியாவும் எருசலேமுக்காக மாதக்கணக்கில் உபவாசித்து ஜெபித்தார், பிறகு ராஜாவிடம் போய் விடுப்பும் கடிதமும் மரமும் கேட்டார். மதில் கட்டும்போது ஜெபமும் பண்ணினார்கள், காவலும் வைத்தார்கள்.

வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "ஜெபி, மாறுவார்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம். என் அம்மா 14 வருடம் ஜெபித்ததைச் சொன்னேன், அப்பா கைநீட்டினதில்லை. கைநீட்டியிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கவேண்டும், வெளியே நின்று ஜெபித்திருக்கலாம். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181. அதை ஜெபநோட்டின் அட்டைக்குள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுவதும் அவிசுவாசம் இல்லை.

கோபம் வருகிறது, வார்த்தை வரவில்லை. இந்த நிலையில் ஜெபிக்கலாமா?

சங்கீதம் 13-ஐத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. சங்கீதம் 88 இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. இவற்றை வேதத்தில் விட்டுவைத்தவருக்கு உங்கள் கோபம் புதிது இல்லை. பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய அழுதபோது, ஆசாரியனாகிய ஏலி அவர் குடித்திருப்பதாக நினைத்தார். இல்லை ஆண்டவனே, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்றார் அன்னாள். பிறகு போய்ச் சாப்பிட்டார், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை". அவர் கேட்ட பிள்ளை சாமுவேல் அப்போது வயிற்றில்கூட இல்லை.

வார்த்தையே வராவிட்டால் ரோமர் 8:26 இருக்கிறது. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார். அதுவும் முடியாவிட்டால் உங்களுக்காகச் சபை ஜெபிக்கட்டும். இயேசு குணமாக்கிய திமிர்வாதக்காரன், நடக்கமுடியாதவன், தானாக வரவில்லை. நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்கள்.

பல வருடமாக ஜெபத்தை விட்டுவிட்டேன். மறுபடி எப்படி ஆரம்பிப்பது?

ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுக்காதீர்கள், மூன்றாம் நாளே உடைந்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கிற ஐந்து நிமிடம், குக்கர் விசில் வருவதற்குள் இருக்கிற நேரம், இவை போதும். ஒரு நோட்டு வாங்குங்கள். நிறுத்தின இடத்தில் எந்தப் பெயர் இருந்ததோ அதையே முதல் வரியில் எழுதுங்கள். ஏன் இத்தனை வருடம் வரவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவேண்டாம். பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் "அவங்க" என்று எழுதினாலும் சரி.